தடேயஸ் ஸ்டீவன்ஸ்: சமத்துவம் நாடிய நியாயவாதி

ஐக்கிய அமெரிக்காவிலே அடிமைத்தளை அறுந்த வரலாற்றைக் கேட்போர்க்கு ஆபிரகாம் லிங்கனுடைய பெயரே முதற்கண் நினைவில் எழும். அது முறையே. ஆயினும், லிங்கன் தயங்கியவிடத்துத் தயங்காது நின்றும், அவர் மறைந்தபின் அவர் தொடக்கிய பணியைச் சட்டத்திற் பொறித்தும், இறுதி மூச்சுவரை உழைத்த வேறொருவர் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையில் இருந்தார். அவரே தடேயஸ் ஸ்டீவன்ஸ் என்னும் நியாயவாதி. கல்லூரி மலரொன்றில் அவர் சரித்திரம் இடம்பெறுதற்குத் தனியானதொரு காரணமுண்டு. அடிமைகளின் விடுதலைக்காகக் காங்கிரஸ் சபையிலே குரலெழுப்புவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, வறியவரின் பிள்ளைகட்குப் பாடசாலை வேண்டுமென வாதாடி வென்றவர் அவர். அவ்விரு வாதங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அவர் வாழ்க்கை நன்கு காட்டுகின்றது.

இளமையும் தாயும்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், மலையும் பனியும் மிகுந்த வேர்மொன்ற் மாநிலத்திலே, டான்வில் என்னும் சிற்றூரில், 1792ஆம் ஆண்டு சித்திரை மாதம் 4ஆந் திகதி ஸ்டீவன்ஸ் பிறந்தார். ஆண்மக்கள் நால்வருள் அவர் இரண்டாமவர். பிறக்கும்போதே அவருடைய ஒரு பாதம் உட்புறமாகத் திரும்பி வளைந்திருந்தது. மூத்த சகோதரருக்கோ இரு பாதங்களும் அவ்வாறே இருந்தன. இத்தகைய ஊனத்தைப் பெற்றோரின் மறைவான பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனையெனக் கருதுவோர் அக்காலத்திற் பலர். தந்தையார் கமஞ்செய்தவர், சப்பாத்துத் தைக்கும் தொழிலும் அறிந்தவர். ஆயினும் குடும்பத்தைத் தாங்குந் திறனின்றி, மக்கள் இளைஞராயிருக்கும்போதே அவர்களை விட்டகன்றார்.

வறுமையும் ஊனமும் ஒருங்கே வாய்த்த பிள்ளைக்கு உயர்கல்வி கொம்புத்தேன் என்றே ஊரார் எண்ணியிருப்பர். தாயார் சாரா அம்மையார் அவ்வாறு எண்ணினாரல்லர். நிலத்தில் உழைத்து வாழ இயலாத மகனுக்குக் கல்வியே கால் என அவர் தெளிந்தார். நல்ல பாடசாலை இருந்த காரணத்தாலேயே 1807ஆம் ஆண்டளவில் பீச்சம் என்னும் அயலூருக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள பாடசாலையிற் பயின்ற ஸ்டீவன்ஸ், பின்னர் டாட்மத் கல்லூரியை அடைந்து 1814இற் பட்டம் பெற்றார். கூடப் படித்த பிள்ளைகள் தம் நடையைப் பார்த்து நகைத்ததையும், தாயார் பட்ட பாட்டையும் அவர் என்றும் மறந்தாரல்லர். பிற்காலத்தில் பொருள் சேர்ந்தபோது தாயாருக்கு ஒரு பண்ணையும் பசுக்களும் வாங்கிக் கொடுத்தார். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இடுதற்கென அவ்வப்போது பொற்காசும் அனுப்பினார். தம் வாழ்வில் தாம் பெற்ற பேரின்பம் தாய்க்கு இவற்றைச் செய்யக் கிடைத்ததே என அவர் கூறுவது வழக்கம்.

பட்டம் பெற்றபின் பென்சில்வேனியா மாநிலத்து யோர்க் நகரில் ஆசிரியராய் அமர்ந்து, எஞ்சிய நேரத்திற் சட்டம் பயின்றார். சட்டம் பயிலுங் காலத்தில் வேறு தொழில் செய்தவரை நியாயவாதியாகச் சேர்த்தலாகாது என்றொரு விதி அவ்வூரில் இருந்தது. பொருளில்லாதவரைத் தொழிலுக்குப் புறத்தே நிறுத்தும் அவ்விதியின்முன் ஸ்டீவன்ஸ் சோர்ந்து நின்றாரல்லர். எல்லையைக் கடந்து மேரிலாந்து மாநிலத்திற்குச் சென்று அங்கே பரீட்சையில் தேறினார். 1816இல் மீண்டு வந்து கெற்றிஸ்பேக் நகரிலே தொழில் தொடங்கினார்.

ஒரு வெற்றியும் அதன் வடுவும்

சில ஆண்டுகளுள் அம்மாவட்டத்தின் தலைசிறந்த நியாயவாதிகளுள் ஒருவரென அவர் பெயர் பரந்தது. நீதித்தலத்திலே குறிப்பேதும் எழுதாது, சாட்சியங்கள் அனைத்தையும் நினைவில் நிறுத்தி வாதாடும் ஆற்றல் அவர்க்கிருந்தது. எனினும், அந்நாட்களில் அவர் வென்ற வழக்கொன்று அவர் வரலாற்றில் மாறாத வடுவாய் நிற்கின்றது.

கெற்றிஸ்பேக் நகரம் மேரிலாந்தின் எல்லைக்கு மிக அண்மையிலுள்ளது. மேரிலாந்திலே அடிமைமுறை நிலவியது. பென்சில்வேனியாவிலோ 1780ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனைப் படிப்படியாக ஒழித்துவந்தது. பிற மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமையை ஆறு மாதங்களுக்குமேல் இங்கு வைத்திருந்தால் அவ்வடிமை விடுதலை பெறலாமென்பது அச்சட்டத்தின் விதி. சாரிற்றி பட்லர் என்னும் பெண் அவ்விதியைக் காட்டித் தமக்கும் தம் பிள்ளைகள் இருவர்க்கும் விடுதலை கோரினார். பல தடவைகளில் தாம் பென்சில்வேனியாவிலே தங்கிய நாட்களை ஒன்றுகூட்டினால் ஆறு மாதங்கள் நிறைந்துவிடும் என்பது அவர் தரப்பு நியாயம். அவருக்கு உரிமை கொண்டாடிய எசமானருக்காக வாதாடியவர் ஸ்டீவன்ஸ். அந்த ஆறு மாதங்களும் இடையறாது தொடர்ந்தவையாக இருத்தல் வேண்டும் என்ற வாதமே 1821ஆம் ஆண்டில் மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் நிலைபெற்றது. ஒரு தாயும் இரு பிள்ளைகளும் அடிமைத்தனத்திற்கே திரும்பினர்.

சட்டத்தின் எழுத்தை மாத்திரம் நோக்குவார்க்கு அது திறமையான வாதமாகத் தோன்றும். அடிமைமுறையை முன்னரே விலக்கிய வேர்மொன்றிலே பிறந்து, ஏழைத் தாயின் உழைப்பால் ஆளாகிய ஒருவர், மற்றோர் ஏழைத் தாய்க்கு எதிராக அத்திறமையைச் செலவிட்டார் என்பதை அவர்மீது அன்புடையோரும் மறைத்தலாகாது. அதன்பின் அவர் சென்ற வழி வேறு. 1823ஆம் ஆண்டு ஆடி 4ஆந் திகதி, நாட்டின் சுதந்திர தின விருந்தொன்றிலே எழுந்து, அடிமை எவருக்கும் விலங்கு பூட்டாத ஒருவரே அடுத்த சனாதிபதியாக வருதல் வேண்டுமென வாழ்த்துக் கூறினார். தப்பியோடி வந்த அடிமைகளுக்காகக் கூலி பெறாது வாதாடும் நியாயவாதியென அவர் பெயர் எல்லைப்புறமெங்கும் அறியப்படலாயிற்று. சட்டநூல்கள் வாங்க வைத்திருந்த 300 டொலரைக் கொடுத்து, விற்கப்படவிருந்த அடிமை ஒருவரை அவர் மீட்டார் என்றொரு செய்தியும் வழங்கி வருகின்றது.

பாடசாலைக்காக வாதாடியமை

1833இல் ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியா மாநிலத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். அக்காலத்தில் அவர் மேசன் சங்கத்தாருக்கு எதிரான கட்சியைச் சேர்ந்தவர். இரகசியச் சபை நடத்துவோர் சனநாயகத்திற்குப் பகைவர் என்பது அக்கட்சியின் கொள்கை. அவ்விடயத்தில் அவர் காட்டிய வேகம் அளவு கடந்தது என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மாநில ஆளுநராயிருந்த ஜோர்ஜ் வுல்ப் மேசன் சங்கத்தவர், எதிர்க்கட்சியினர், எனவே ஸ்டீவன்ஸுக்கு இருவகையிலும் பகைவர்.

1834ஆம் ஆண்டில், வரிப்பணத்தைக்கொண்டு யாவர்க்கும் இலவசப் பாடசாலை அமைக்கும் சட்டமொன்று அம்மாநிலத்தில் நிறைவேறியது. அதற்கு முன்னிருந்த முறைப்படி, கட்டணங் கொடுக்க இயலாத பெற்றோர் தம்மை வறியவரெனப் பதிவுசெய்தாலன்றி அவர்தம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைக்காது. மானமுள்ள ஏழைகள் அப்பதிவுக்கு அஞ்சித் தம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தனர். புதிய சட்டம் அந்த இழிவை நீக்கிற்று. ஆயினும் வரி என்றவுடன் மாநிலமெங்கும் எதிர்ப்பு மூண்டது. பிள்ளையில்லாதாரும், சொந்தப் பாடசாலை வைத்திருந்த சமயப் பிரிவினரும், பிறர் பிள்ளைக்காகத் தாம் ஏன் இறுக்க வேண்டுமென வினவினர். அடுத்த தேர்தலில் அச்சட்டத்தை நீக்குவதாக வாக்களித்த பலர் சபைக்கு வந்தனர். 1835இல் மாநிலச் செனற் சபை அதனை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஸ்டீவன்ஸைத் தெரிந்தனுப்பிய மாவட்டத்திலும் சட்டத்தை எதிர்த்தோர் பலர்.

அவ்வாண்டு சித்திரை 11ஆந் திகதி ஸ்டீவன்ஸ் சபையில் எழுந்தார். ஏழைப் பிள்ளைகளை ஏழைகளென எழுதிப் பிரித்துவைக்கும் சட்டம், செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையே பரம்பரைச் சாதி வேறுபாட்டை உண்டாக்கும் சட்டமே என எடுத்துக்காட்டினார். குற்றஞ் செய்யாதவனும் சிறைச்சாலைக்கும் நீதித்தலத்துக்கும் வரி கொடுக்கின்றான். அங்ஙனமாயின், குற்றம் பெருகாது தடுக்கும் பாடசாலைக்கு வரி கொடுத்தல் எங்ஙனம் அநீதியாகும் என வினவினார். மக்கள் வாக்கினால் ஆளப்படும் நாட்டிலே கல்லாத மக்கள் தம்மைத் தாமே ஆளுதல் இயலாதென வற்புறுத்தினார். தமக்குப் பகைவரான ஆளுநர் வுல்ப் இச்சட்டத்தை ஆதரித்தமையை அச்சபையிலேயே பாராட்டி, இவ்விடயத்திற் கட்சியைத் துறந்து அவர்பின் நிற்றல் வேண்டுமெனத் தம் கட்சியினரை வேண்டிக்கொண்டார்.

சட்டத்தை நீக்க வந்தோரிற் பலர் மனமாறினர். சபை இலவசப் பாடசாலையை நீக்காது நிலைநிறுத்தியது. செனற் சபையும் இறுதியில் இணங்கிற்று. தம் வாழ்நாளில் தாம் செய்த பணிகளுள் இதுவே தமக்கு மிக்க மனநிறைவு தருவது என ஸ்டீவன்ஸ் முதுமையிலுங் கருதினார். கெற்றிஸ்பேக் நகரில் எழுந்த பென்சில்வேனியாக் கல்லூரிக்கு அரசாங்க நன்கொடை கிடைக்க உழைத்தவரும் அவரே. அக்கல்லூரியின் முதற் பெருங்கட்டடம் எழுந்த நிலமும் அவரிடமிருந்து பெற்றதே.

1837ஆம், 1838ஆம் ஆண்டுகளில் மாநில அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டிலும் அவர் உறுப்பினராயிருந்தார். புதிய அமைப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கே உரித்தாக்கி, அதுவரை வாக்களிக்கக் கூடியதாயிருந்த கறுப்பின மக்களைப் புறந்தள்ளிற்று. அப்பத்திரத்திற் கையொப்பமிட ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார்.

லங்காஸ்டர் வாழ்க்கை

இரும்பாலைத் தொழிலில் முதலிட்டமையாற் பெருங்கடன் சூழ, 1842இல் வருவாய் மிகுந்த லங்காஸ்டர் நகருக்குச் சென்று மீண்டும் சட்டத்தொழிலில் முழுமூச்சாய் ஈடுபட்டார். மணஞ்செய்யாது வாழ்ந்த அவர், தம் சகோதரரின் மக்களைத் தம் மக்களாக ஏற்று வளர்த்தார். லிடியா ஹமில்ரன் சிமித் என்னும் கலப்பினக் கைம்பெண்ணார் 1848ஆம் ஆண்டளவிலிருந்து அவர் இல்லத்தை நிருவகித்து வந்தார். கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி ஏவுவதே வழக்கமாயிருந்த நாட்டில், ஸ்டீவன்ஸ் அவரைச் சிமித் அம்மையார் என்றே அழைத்தார். வீட்டுக்கு வந்தோரும் அவ்வாறே அழைத்தனர். அதுபற்றி ஊரிற் பரவிய வம்புகளுக்கு அவர் செவிகொடுத்தாரல்லர். 2002ஆம் ஆண்டளவில் அவ்வீட்டின் பின்புறத்தைத் தோண்டிய ஆய்வாளர், பழைய நீர்த்தொட்டியொன்றைக் கண்டனர். தப்பிவந்த அடிமைகளை ஒளித்துவைக்க அது பயன்பட்டிருக்கலாமென அவர்கள் கருதுகின்றனர்.

1851ஆம் ஆண்டு புரட்டாதி 11ஆந் திகதி, லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானா என்னுமிடத்தில், ஓடிவந்த அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எசமானரொருவர் அவ்வூர்க் கறுப்பின மக்கள் எதிர்த்து நின்ற பூசலிற் கொல்லப்பட்டார். அரசாங்கம் 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றஞ் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்டவர் அடிமை பிடிப்போருக்கு உதவ மறுத்த கஸ்ரனர் ஹன்வே என்னும் வெள்ளையர். அவருக்காக வாதாடிய நியாயவாதிகளுள் ஸ்டீவன்ஸ் முன்னின்று உழைத்தார். ஒருவர் உதவ மறுத்தமையை நாட்டின்மீது தொடுத்த போரெனக் கூறுதல் பொருந்தாதென்ற வாதம் வென்றது. யூரிமார் கால்மணி நேரத்துள் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். ஏனையோர் மீதிருந்த தேசத்துரோகக் குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எசமானருக்காகச் சட்டத்தின் எழுத்தை நுணுகிக் காட்டியவர், இப்போது அந்நுணுக்கத்தை ஓடிவந்தோர் பக்கம் வைத்தார்.

காங்கிரஸ் சபையில்

1849 முதல் 1853 வரையும், மறுபடி 1859 முதல் இறக்கும்வரையும் ஸ்டீவன்ஸ் காங்கிரஸ் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராயிருந்தார். 1850ஆம் ஆண்டின் ஓடிய அடிமைகள் சட்டத்தை வன்மையாய் எதிர்த்தார். பின்னர்ப் புதிய குடியரசுக் கட்சியிற் சேர்ந்தார். 1861இல் தென்மாநிலங்கள் பிரிந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது நிதி வழிவகைக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. போருக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் வரிச் சட்டங்களும், பொன்னுக்கு மாற்ற இயலாத காகிதப் பணத்தை வெளியிடும் சட்டமும் அவர் கைவழியே சென்றன.

போர் தொடங்கிய நாள் முதலாக அவர் ஒன்றையே இடைவிடாது கூறிவந்தார். அடிமைமுறையே போரின் காரணம். அடிமைகளை விடுவித்து, அவர்கட்குப் படைக்கலமும் கொடுத்தாலன்றிப் போர் முடியாது என்பதே அது. சபையினர் பலர் அதனைத் தீவிரமெனத் தள்ளினர். லிங்கன் காலம் பார்த்து நடந்தார். ஸ்டீவன்ஸ் அவரைக் கடுஞ்சொல்லால் உந்தினார். 1863 தை 1ஆந் திகதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கே உரியதாயிற்று. அடிமைமுறையை நாடு முழுவதிலும் ஒழிக்கும் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை 1865 தை 31ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 119க்கு 56 என்னும் வாக்குகளால் ஏற்றது. அவ்விவாதத்திலே, முழுச் சமத்துவம் வேண்டுகின்றாரா என எதிரிகள் அவரைச் சீண்டினர். தம் வாயால் வரும் ஒரு சொல் தயங்குவோரை விரட்டிவிடுமென உணர்ந்த ஸ்டீவன்ஸ், சட்டத்தின் முன் சமத்துவமே தாம் கோருவதெனக் கூறி அமைந்தார். நாவடக்கத்துக்குப் பெயர்பெறாத அவர்க்கு அது அரிய செயலேயாகும்.

போர் அவரையும் வருத்தியது. 1863 ஆனி மாதத்தில், கெற்றிஸ்பேக் போருக்குச் சில நாட்கள் முன்னர், தென்படையினர் அவருடைய கலிடோனியா இரும்பாலையைத் தீக்கிரையாக்கினர். அவ்வாண்டிலேயே அவர் வளர்த்த பெறாமகன் அலன்சன் சிக்கமோகாப் போர்க்களத்தில் மாண்டார்.

பதினான்காவது திருத்தம்

1865 சித்திரையில் லிங்கன் கொலையுண்டார். அவர்பின் சனாதிபதியான அன்றூ ஜோன்சன், தோல்வியுற்ற தென்மாநிலங்களை விரைந்து மன்னித்து ஏற்க முனைந்தார். அம்மாநிலங்களோ புதிய சட்டங்களை இயற்றி, விடுதலை பெற்ற மக்கள் வேலையின்றித் திரிந்தாற் கைதுசெய்யவும், கூலி ஒப்பந்தத்தாற் பழைய எசமானருடன் கட்டிவைக்கவும் வழிசெய்தன. விலங்கின் பெயர் மாறியதேயன்றி விலங்கு அகலவில்லை.

73 வயதில், நோய்வாய்ப்பட்ட உடலோடு, ஸ்டீவன்ஸ் இதனை எதிர்த்து நின்றார். புனரமைப்புக் கூட்டுக்குழுவில் பிரதிநிதிகள் சபைப் பகுதியினரை அவர் நடத்தினார். அக்குழு ஆக்கிய 14ஆவது திருத்தம், அமெரிக்க மண்ணிற் பிறந்து அதன் ஆட்சிக்குட்பட்ட யாவரும் குடிகள் என்றும், எந்த மாநிலமும் எவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தலாகாது என்றும் விதித்தது. கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமையை அது வெளிப்படையாய் அளிக்கவில்லை. அஃது ஸ்டீவன்ஸுக்குப் பெருங்குறையாய் இருந்தது. 1866 ஆனி 13ஆந் திகதி இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசினார். நாட்டின் அமைப்பிலிருந்து எல்லா ஏற்றத்தாழ்வையும் நீக்கிவிடலாமெனத் தாம் கண்ட கனவு கலைந்ததென ஒளியாது கூறினார். ஆயினும், தேவர்களிடையே அன்றி மனிதரிடையே வாழ்வதால், கிடைத்ததை ஏற்று எஞ்சியதைப் பின்னோர்க்கு விடுவதாகக் கூறி ஆதரித்தார். 120க்கு 32 என்னும் வாக்குகளால் திருத்தம் சபையில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட புனரமைப்புச் சட்டங்கள், தென்மாநிலங்களிலே கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை வழங்கச் செய்தன.

ஒன்றில் அவர் முற்றாய்த் தோற்றார். நிலமற்றவன் வாக்குரிமை பெற்றும் எசமானனுக்கு அஞ்சியே வாழ்வான் என அவர் கண்டார். எனவே, கிளர்ச்சி செய்த பெரு நிலச்சொந்தக்காரரின் காணிகளைப் பறித்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு வளர்ந்த ஆடவர்க்கும் 40 ஏக்கர் அளித்தல் வேண்டுமென 1865 முதல் வற்புறுத்தினார். சொத்துரிமையைத் தொட அவருடைய கட்சியினரே அஞ்சினர். அத்திட்டம் நிறைவேறாதொழிந்தது. பின்வந்த தலைமுறைகளிலே அம்மக்கள் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிய வரலாற்றை அறிவோர், ஸ்டீவன்ஸ் கண்ட ஆபத்து மெய்யானதென ஒப்புவர்.

1868 மாசியில் சனாதிபதி ஜோன்சன்மீது குற்றப்பிரேரணை நிறைவேறியபோது அதனைச் செனற் சபையின்முன் நடத்தியோருள் ஸ்டீவன்ஸும் ஒருவர். நடக்க இயலாமையால் அவரை நாற்காலியில் வைத்து இளைஞர் இருவர் சுமந்து சென்றனர். அவர்கள் இறந்துபோனால் தம்மை யார் சுமப்பர் என அவர் அவர்களிடம் கேட்டாராம். மூன்றில் இரு பங்கு வாக்குக்கு ஒரு வாக்குக் குறைந்தமையால் ஜோன்சன் பதவியிழக்காது தப்பினார். அப்பிரேரணை சட்டப்படி வலிதோ, அரசியற் பகையால் எழுந்ததோ என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

கடுமையும் எளிமையும்

ஸ்டீவன்ஸ் குறையற்ற மனிதரல்லர். அவர் நா எதிரிகளைத் தேவைக்கு மேலும் புண்படுத்தியது. சூதாட்டத்தில் அவருக்கு விருப்பமிருந்தது. ஆயினும் தம்மைத்தாமே நகைக்கவும் அவர் அறிந்தவர். நோயினால் முடியுதிர்ந்த அவர் பொய்ம்முடி அணிந்திருந்தார். அபிமானங்கொண்ட பெண்மணியொருவர் நினைவாக ஒரு முடிக்கற்றை வேண்ட, முழு முடியையும் கழற்றி நீட்டினார் என்றொரு கதையுண்டு. இரந்து வந்தாரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை என அயலார் கூறுவர்.

இறுதியும் இறந்தபின்னும்

14ஆவது திருத்தம் போதிய மாநிலங்களின் சம்மதம் பெற்று 1868 ஆடி மாதத்தில் நாட்டின் சட்டமாயிற்று. அடுத்த மாதம், ஆவணி 11ஆந் திகதி நள்ளிரவில், வாஷிங்டன் நகரிலே ஸ்டீவன்ஸ் காலமானார். அவர் உடல் காங்கிரஸ் மாளிகையின் வட்ட மண்டபத்திற் பொதுமக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்றவர் ஹென்றி கிளேயும் லிங்கனுமே. கறுப்பினப் படைவீரர் உடலருகே காவல் நின்றனர். லங்காஸ்டரில் நடந்த ஈமச்சடங்கில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினர்.

அந்நகரின் பெரிய மயானங்கள் வெள்ளையருக்கே உரியவை. அவ்விதியை அறிந்த ஸ்டீவன்ஸ், எவ்வினத்தவரையும் ஏற்ற சிறிய சிறைனர் மயானத்தையே தமக்குத் தெரிந்துகொண்டார். தனிமையை விரும்பி அங்கு வரவில்லையென்றும், பிற மயானங்கள் இனம் பார்த்து விலக்குவதனால், வாழ்நாளெல்லாம் தாம் போற்றிய மனித சமத்துவத்தை இறப்பிலும் விளக்குதற்கே அவ்விடத்தைத் தேர்ந்ததாகவும் அவர் விருப்பப்படி கல்லிற் பொறித்துள்ளனர்.

மரணசாதனத்தில் அவர் தாயாரை மறந்தாரல்லர். பீச்சம் ஊரிலுள்ள அவர் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ஆண்டுதோறும் ரோசாச் செடிகள் நடுதற்குப் பணம் ஒதுக்கினார். சிமித் அம்மையாருக்கும் ஆண்டுத்தொகை எழுதிவைத்தார். இனமும் சமயமும் பாராது அநாதைச் சிறுவரைப் பேணும் நிலையமொன்றும் அவர் சாதனத்தில் இடம்பெற்றது. அவ்வழியிலே 1905இல் லங்காஸ்டரில் தோன்றிய தொழிற்பாடசாலை இன்று அவர் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரியாய் விளங்குகின்றது.

ஆயினும் அவர் பெயர் நெடுங்காலம் மாசுபட்டுக் கிடந்தது. 1877இல் புனரமைப்பு முடிந்தபின் தென்மாநிலங்கள் கறுப்பின மக்களின் உரிமைகளை ஒன்றொன்றாய்ப் பறித்தன. அச்செயலை நியாயப்படுத்திய வரலாற்றாசிரியர் ஸ்டீவன்ஸை வஞ்சம் மிகுந்த முடவரெனத் தீட்டினர். 1915இல் வெளிவந்த ஒரு நாட்டின் பிறப்பு என்னும் திரைப்படம் அவரை மாதிரியாக்கி ஒரு தீயவனைப் படைத்துக் காட்டியது. 1950களின் பின்னர் ஆராய்ச்சியாளர் பழைய பத்திரங்களை மீள நோக்கி அக்கருத்தை மாற்றினர். 2022இல் கெற்றிஸ்பேக் நீதிமன்றத்தின் முன் அவர்க்குச் சிலையும் நிறுவப்பட்டது.

எனினும் அவருடைய மெய்யான நினைவுச்சின்னம் சிலையன்று. 1954ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், அரசாங்கப் பாடசாலைகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானதென அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாய்த் தீர்த்தது. அத்தீர்ப்புக்கு ஆதாரமாய் நின்றது 14ஆவது திருத்தத்தின் சமமான பாதுகாப்பு என்னும் விதியே. 1835இல் வறிய பிள்ளையைப் பிரித்தெழுதும் பதிவேட்டை எதிர்த்தவரும், 1866இல் குறையுள்ளதென அறிந்தும் அத்திருத்தத்தை ஏற்றுக் கையளித்தவரும் ஒருவரே. பின்னோர்க்கென அவர் விட்டுச்சென்ற வேலையின் ஒரு பகுதி எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்து ஒரு பாடசாலையின் வாயிலில் நிறைவேறியது.

இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை நியாயவாதிகளாவர்; பழைய மாணவருட் பலர் ஏற்கெனவே அத்தொழிலில் உளர். திறமை எவர் கையிலும் கூரிய கருவியே. சாரிற்றி பட்லரை மீண்டும் விலங்கிட்டதும், கிறிஸ்டியானா மக்களைக் காத்ததும் ஒரே மனிதரின் ஒரே திறமை. தாம் வென்ற வழக்கே தவறாயிருக்கக் கூடுமென்பதைத் தம் செயலால் ஒப்புக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மறுபுறத்தில் நின்று உழைத்தமையே தடேயஸ் ஸ்டீவன்ஸின் பெருமை என்க.